ஜெர்மன் பேசப் போய் இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவம்?

ஊல்ம் செவிலி:

சென்னையிலேயே ஜெர்மன் பி2 (ஏ1இல் தொடங்கும் ஆறு நிலைகளில் நான்காவது) முடித்துவிட்டு வந்தவள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இல்லத்தில் மாலை ஷிஃப்ட். தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி. பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், பேசுவது முழுக்க ஷ்வேபிஷ், இந்தப் பக்கத்து வட்டார ஜெர்மன். "ஃபூஸ்" வலிக்கிறது என்றார். புத்தக ஜெர்மனில் அது பாதம். போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தேன். வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. கணுக்காலைத் தொட்டேன், அங்கே இல்லை என்று தலையாட்டினார். திரும்பவும் அதே வார்த்தை, இந்த முறை சத்தமாக. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய்த் தன் இடுப்பெலும்பின் மேல் வைத்து அழுத்தினார்.

இந்தப் பக்கத்துப் பேச்சில் பாதத்திலிருந்து இடுப்புவரை மொத்தக் காலுக்கும் ஃபூஸ் என்றுதான் பெயராம். டாக்டரைக் கூப்பிட்டோம், எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. ஆனால் அவர் கை என்னை இழுத்த விதம் இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. அடுத்த அறையில் மறதிநோய் முற்றிய ஒருவர் இருக்கிறார். அவரால் என் கையை இழுத்துக் காட்ட முடியாது. அவர் சொல்லும்போது நான் எங்கே பார்ப்பேன்? இதுதான் தூங்க விடவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

லைப்சிக் மாணவன்:

அக்கா, எதிரில் ஆள் இருந்தால் கையாவது இழுப்பார்கள். ஃபோனில் அதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் வட்டார வழக்கைவிட ஃபோன்தான் கொடுமை.

எனக்குக் காது வலி, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலை எட்டு மணிக்கு டாக்டர் பிராக்சிஸுக்கு, அதாவது கிளினிக்குக்கு, ஃபோன் போட்டேன். பெயர் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயர், நம் ஊர் நீளம். எழுத்துக் கூட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லிக் கூட்டும் பட்டியல் உண்டு, வகுப்பில் அதில் புதியதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 2022இல் அலுவலகப் பயன்பாட்டுக்கு ஊர்ப் பெயர்களாக மாற்றினார்களே, ஆ என்றால் ஆகன், பே என்றால் பெர்லின், அது. அந்த அம்மாவுக்கோ அன்டோன், பெர்டா என்ற பழைய பட்டியல்தான் பழக்கம். பாதிப் பெயரிலேயே "மொமென்ட்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். குழந்தை அழும் சத்தம், பிரிண்டர் ஓடும் சத்தம், யாரோ இருமும் சத்தம். எனக்குக் காது வேறு தெறிக்கிறது. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது வேறொரு குரல் வந்தது, வயதான குரல். "வெறும் எழுத்தைச் சொல்லுங்கள், அவசரமே இல்லை" என்றார். ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

பத்தரைக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன் கவுண்டரில் இருந்த பாட்டி என் அப்பா பெயரை முழுசாக, ஒரே மூச்சில் சொன்னார். இந்த நாட்டில் அந்தப் பெயரை அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நெருஞ்சி:

நீங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததைச் சொல்கிறீர்கள். விசாவுக்காக இங்கேயே ஏ1 எழுதுபவர்களையும் நினைத்துப் பாருங்கள். 2007இலிருந்து கணவனோ மனைவியோ போய்ச் சேர வேண்டும் என்றால் இந்தப் பரீட்சை வேண்டும். ப்ளூ கார்டு (உயர்படிப்பு படித்து வேலைக்குப் போகிறவர்களுக்கான அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு விலக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை.

பேச்சுத் தேர்வு குழுவாக நடக்கும். முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயரை எழுத்துக் கூட்ட வேண்டும், எண் சொல்ல வேண்டும். அடுத்து அட்டை எடுத்து அதிலுள்ள சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும். என் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. வெளியே காத்திருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டபிறகு பரீட்சை எழுதுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லியிருந்தார். அவர் அட்டையை எடுத்தார். ரொட்டி என்று போட்டிருந்தது. அட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. தேர்வாளர்கள் இருவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பதிலை அவர் காதில் சொல்லிவிட முடியாது. கண்ணைப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து "நீங்கள் ரொட்டி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். முழு வாக்கியம், வினைச்சொல் சரியான இடத்தில். சாப்பிடுவேன், பிடிக்கும் என்று நான் சொன்னபோது என் குரலும் நடுங்கியது.

அந்த அம்மா தேறினாரா என்று தெரியாது. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

மியூனிக் அப்பா:

பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆசிரியை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், பக்கத்தில் இருந்த துருக்கிக்காரர் எனக்குப் பதிலாகக் கை தூக்கினார். அப்புறம்தான் தெரிந்தது, சுற்றுலாவுக்கு உடன் வர ஆள் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் போனோம், இன்றுவரை நண்பர்கள். என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் மேலே படித்ததில் சில விஷயம் சொல்லத் தோன்றுகிறது. தங்கச்சி, ஊல்மில் இருக்கிற நீங்கள் பி2வோடு நிற்காதீர்கள், சி1 எழுதுங்கள். பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யவே கூடாது, சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மூன்றில் எது வரும், பன்மை என்ன என்று சேர்த்தே படிக்க வேண்டும். உங், ஹைட், கைட் என்று முடிந்தால் டீ. ஷென் என்று முடிந்தால் டாஸ். இதிலேயே ஏராளமான சொல் அடங்கிவிடும். காதைப் பழக்க ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவில் மெதுவாக வாசிக்கும் செய்தி வருகிறது, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். வந்து சேர்ந்தவர்கள் ஃபோக்ஸ்ஹோக்ஷூலவை (பொதுமக்களுக்கான கல்வி நிலையம்) விடாதீர்கள், தனியார் வகுப்பைவிட எவ்வளவோ மலிவு. புதிதாக வந்தவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு வழக்கமாக 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டைப் பற்றி. அந்த 100ஐ இலேசாக நினைக்காதீர்கள், சட்டம், வரலாறு முதல் தேர்தல்வரை எல்லாம் அதில்தான். கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வு எழுதுகிறவர்களுக்கு: வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனிப் பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் குறைந்தால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் மனமுடைந்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தம்பி, ஃபோன் பயம் போக ஒரே வழி ஃபோன்தான். வாரம் ஒரு தடவையாவது யாரையாவது கூப்பிடு. நூலகம், நீச்சல்குளம், எதுவானாலும் சரி, திறக்கும் நேரம் கேள். இன்னொன்று, நமக்கு வினைச்சொல் கடைசியில் வருவது பழக்கம்தானே, அதனால் ஜெர்மன் வாக்கியம் தமிழனுக்கு எளிது.

ஊல்ம் செவிலி:

அண்ணா, அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வினைச்சொல் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணை வாக்கியத்தில்தான் கடைசியில் வரும். முதன்மை வாக்கியத்தில் இரண்டாவது இடம். பிரிகிற வினையாக இருந்தால் ஒரு துண்டு இரண்டாவது இடத்தில், இன்னொரு துண்டு கடைசியில். ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது வேகமாகப் பேசுவார்கள், அந்தக் கடைசித் துண்டு வரும்வரை மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்களா நிறுத்தச் சொல்கிறார்களா என்று தெரியாது. அது எளிது இல்லை.

சி1 புத்தகத்திலும் ஷ்வேபிஷ் கிடையாது. நான் வேறு ஒன்று செய்தேன். அந்தப் பாட்டியையே கேட்டு உடல் உறுப்புகளுக்கு இந்த ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். முதுகுக்கு புக்கல், வயிற்றுக்கு ரான்ட்சன். ஓய்வறையில் ஒட்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்து புதிதாக வந்த செவிலி அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பழைய ஹாம்காரன்:

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான் யேர்மனிக்கு வந்தது எண்பதுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து. இங்கே 600 பாடவேளை என்று எழுதியிருக்கிறார்கள், அந்த வகுப்பு எல்லாம் 2005இல்தான் தொடங்கியது. எங்களுக்கு அகதி விண்ணப்பம் மட்டும்தான். டொச் (ஜெர்மன் மொழி) படித்தது உணவகத்தில் கோப்பை கழுவின இடத்தில். சமையற்காரர் திட்டினதைத்தான் முதலில் விளங்கிக்கொண்டோம்.

எனக்கு மறக்க முடியாதது அது இல்லை. மனைவிக்குச் சுகமில்லை, வைத்தியரிடம் போனோம். கதைக்கிறதுக்கு மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனோம், நாலாம் வகுப்பு அப்போது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டவர் அலுவலகம் என்றாலும் வங்கி என்றாலும் பிள்ளைதான் மொழிபெயர்க்கும். வைத்தியர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் கதைத்தார். பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். கதிரையில் கால் நிலத்தில் முட்டாது, காலை ஆட்டிக்கொண்டு இருந்தவள் ஆட்டுறதை நிறுத்திவிட்டாள். பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, பயப்பட வேண்டாமாம், ஒரு சின்ன ஒப்பரேஷனாம்" என்றாள். எனக்கு டொச் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் அந்த மனிசன் அவ்வளவு நேரம் கதைத்தது இவ்வளவு சின்னதாக இருக்க முடியாது என்று தெரியும். மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

அடுத்த கிழமையே ஃபோக்ஸ்ஹோக்ஷூலவில் பின்னேர வகுப்புக்குப் பதிந்தேன். வேலை முடிந்து போனால் கண் சொருகும், ஆனாலும் போனேன். இரண்டாம் தடவை ஒப்பரேஷனுக்கு முன்னர் வைத்தியர் சொன்னதை நானே கேட்டு, நானே மனைவிக்குச் சொன்னேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மனைவி சுகமாக இருக்கிறா. இங்கே ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் இப்போது புதிதாக வந்த குடும்பங்களைப் பார்க்கிறேன், சின்னப் பிள்ளை கையில் கடிதத்தைக் கொடுத்து வாசி என்கிறார்கள். கடிதம் பரவாயில்லை. வைத்தியரிடம் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வார்டு டாக்டர்:

ஐயா எழுதியது இன்றும் நடக்கிறது. பொதுமருத்துவக் காப்பீடு சைகைமொழி பெயர்ப்பாளருக்குப் பணம் தரும், மற்ற மொழிகளுக்குத் தராது. அதனால் பிள்ளையோ, துப்புரவுப் பணியாளரோதான் பெயர்க்கிறார்கள். அப்பாயின்மென்ட் வாங்கும்போதே மொழி பெயர்க்க ஆள் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். சில இடங்களில் அந்த மொழி தெரிந்த பணியாளர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடுவார்கள்.

என் கதை. மருத்துவர்களுக்கான மொழித் தேர்வு மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். நோயாளியிடம் பேசுவது, அறிக்கை எழுதுவது, மூத்த மருத்துவரிடம் விளக்குவது. நோயாளியாக நடிப்பவர் எப்படியும் "புற்றுநோயா டாக்டர்?" என்று கேட்பார், அதற்கு ஒரு பதிலை எல்லோரும் தயாராக வைத்திருப்போம். பரிசோதனை முடிவு வரட்டும், கவலையைப் புரிந்துகொள்கிறேன், அந்த மாதிரி. அதே பதிலை வார்டில் ஒரு தச்சரிடம் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். அதற்கு என்னிடம் படித்த வாக்கியம் எதுவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் சந்தேகம் இருக்கிறது, நாளை மதியம் முடிவு வரும், நானே வந்து சொல்கிறேன் என்றேன். ஏ2 மாணவி பேசுகிற அளவுக்கான ஜெர்மன்தான் அது. அவர் என் கையைக் குலுக்கி நன்றி சொன்னார்.

லைப்சிக் மாணவன்:

டாக்டர் அக்கா, அந்தத் தேர்வை எந்த மாநிலத்தில் எழுதினீர்கள்? என் தங்கை இப்போது சி1 படிக்கிறாள்.

வார்டு டாக்டர்:

சாக்சனி. கட்டணமும் காத்திருக்கும் காலமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் மாநில மருத்துவர் சங்கம்தான் நடத்துகிறது, அவர்களுடைய இணையப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளியிடம் குடல்வால் அழற்சிக்குப் பேச்சு வழக்குப் பெயர், மருத்துவரிடம் லத்தீன் பெயர் என்று இரண்டையும் இப்போதிருந்தே சேர்த்துப் படிக்கட்டும்.