பிப்ரவரியில் மலைக்காடு பார்க்க ஒருநாள் வேன் டூர்: நம்பிப் போகலாமா?

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் நாங்கள், விவசாயக் குடும்பம். உளுந்தை அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே வயலில் தெளித்துவிடுவோம், அப்புறம் மெஷின் வந்து சம்பாவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்து, அது எடை போடும் வரை காவல் கிடந்து, எல்லாம் முடிய எப்படியும் பிப்ரவரி பிறந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற இரண்டு வாரம்தான் என் வீட்டுக்காரர் வரப்பை மறந்து உட்காருகிற காலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். 12 பேர் மட்டும், கைடு உடன் வருவார், வெள்ளி இரவு கிளம்பி சனிக்கிழமை முழுக்க மூணாறு, எரவிகுளம் தேசியப் பூங்கா, ஞாயிறு காலை வீடு. இந்த மாதிரி சின்னக் குழுவாகப் போனால் நன்றாக இருக்குமா, நாமே போவதை விட மேலா? ஐந்தாவது படிக்கிற பையன் புலி பார்த்தே ஆக வேண்டும் என்கிறான். மாமியாருக்கு 64 வயது, முழங்கால் தேய்மானம், ஆனால் அவர்களை விட்டுவிட்டுப் போனால் அடுத்த தீபாவளி வரை பேச்சு கேட்க வேண்டும். போனவர்கள் சொல்லுங்கள்.

மன்னை_ரயிலடி:

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் மேடம். வரையாடு குட்டி போடும் காலம் என்று எரவிகுளத்தைப் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடி வைப்பார்கள், சில வருஷம் ஏப்ரல் வரை கூட நீளும். நமக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் பார்த்து அதற்குப் பேறுகாலம். நோட்டீஸ் போட்டவருக்கு இது தெரியாதா, தெரிந்தே போட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

வெண்ணாறு_பாலு:

மேலே சொன்னது சரி. அந்தப் பூங்கா திறந்திருந்த காலத்திலேயே இப்படி ஒரு டூரில் போய் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன், ஆபரேட்டர் பெயர் வேண்டாம்.

டிசம்பரில் தஞ்சாவூரில் இருந்து போனோம். 12 பேர் என்றுதான் எங்களிடமும் சொன்னார்கள். வண்டி வந்து நின்றபோது உள்ளே 19 பேர், நடுவழியில் ஸ்டூல் வேறு. திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, போடி என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரவு முழுக்க உட்கார்ந்தே போய்விட்டு, விடியற்காலையில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பாதி வண்டி கவருக்குள் தலையை விட்டிருந்தது. நாமெல்லாம் ஆற்றுப்பாலம் ஏறினாலே மேடு என்று சொல்கிற ஆட்கள், அந்தப் பூங்காவில் இருக்கிற ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர். பெரிய கோவில் விமானம் 216 அடி, அப்படி நாற்பது விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உச்சி கொஞ்சம் எட்டாது. வேன் அவ்வளவு உயரம் போகாது, உச்சிக்குச் சுற்றுலாக்காரர்களை விடவும் மாட்டார்கள், இருந்தாலும் தட்டைத் தரையில் பிறந்த வயிற்றுக்கு அந்த வழியே அதிகம்தான்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்றா என்றால் இல்லை. டீ ஃபேக்டரி, சாக்லேட் கடை, ஏலக்காய் மிளகுக் கடை, தேன் கடை. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். கமிஷன் இருக்கும்போல. பூங்கா வாசலுக்கு வந்தபோது மணி இரண்டரை. அங்கே நம் வண்டி மேலே போக முடியாது, கீழே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்குப் போக வேண்டும், அதற்குத் தனி வரிசை. கைடு என்று வந்தவர் டிரைவருக்கு மச்சான், அவர் வேனிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்! ஆக, கைடுக்கென்று வாங்கிய காசு எதற்கு என்று எனக்கு இன்று வரை தெரியாது.

மேலே போன நாற்பது நிமிஷம் மட்டும் பொன்னானது, அதை மறைக்கக் கூடாது. பாதை ஓரத்துப் பாறையில் பத்தடி தூரத்தில் வரையாடு, நம்மைப் பார்த்துக்கொண்டே அசை போடுகிறது. ஒரு கிடாவுக்கு முதுகில் மட்டும் வெள்ளையாகத் துண்டு போர்த்தினாற்போல் இருந்தது, வயசான கிடாவுக்கு அப்படித்தான் வெளுக்கும் என்று அங்கே நின்ற வாட்சர் சொன்னார். அவர் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் முழு டூரிலும் எங்களுக்குக் கிடைத்த கைடு. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, எதிரில் நிற்கிற மனைவியே தெரியவில்லை.

அதனால் குழு சின்னதா பெரிசா என்று மட்டும் பார்க்காதீர்கள். கைடு யார், அவர் காட்டுக்குள் நம்மோடு வருவாரா, நுழைவுச் சீட்டு எத்தனை மணிக்கு எடுத்திருக்கிறார்கள், வழியில் எத்தனை கடையில் நிற்கும், இந்த நாலையும் கேளுங்கள். இதற்கே கோபப்பட்டால் அந்த ஆளே வேண்டாம்.

நாச்சியார்கோவில்_டு_கோவை:

அக்கா, பிப்ரவரி என்றால் எரவிகுளத்தை விட்டுவிட்டு சைலன்ட் வேலி பாருங்கள். பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, அதுவும் தேசியப் பூங்காதான். நீங்கள் கேட்கிற சின்னக் குழு, கைடு எல்லாம் அங்கே வனத்துறையே வைத்திருக்கிற ஏற்பாடு. முக்காலி என்கிற ஊரில் அவர்கள் ஆபீஸ் இருக்கிறது, நம் வண்டி அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து ஜீப், ஒரு ஜீப்பில் நாலைந்து பேர், கூடவே ஒரு கைடு. காட்டுக்குள் சைரந்திரி என்கிற இடம் வரை 23 கிலோமீட்டர், போய்விட்டு வர நாலைந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள், காலையிலேயே போய்விட வேண்டும், முன்கூட்டியே பதிவு செய்வதும் நல்லது. எங்களோடு வந்த கைடு அட்டப்பாடிக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். அந்தப் பக்கம் பலருக்கும் தமிழ் தெரியும்.

புலி விஷயத்தைப் பையனிடம் இப்போதே பேசிவிடுங்கள். புலி உண்டு, கண்ணில் படாது. நாங்கள் பார்த்தது சிங்கவால் குரங்குக் கூட்டம், கன்னங்கரேல் உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வெடிபலா மரத்தில் உட்கார்ந்து காயைப் பிளந்து எங்கள் ஜீப் மேலேயே தோலைப் போட்டது. கைடு வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லியிராவிட்டால் அதையும் கவனிக்காமல் போயிருப்போம். நல்ல கைடுக்கு வாய் முக்கியமில்லை, காது முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மலையணில் இரண்டு பார்த்தோம். இருவாச்சிப் பறவையின் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் ஒரு இரும்புக் கோபுரம், சுமார் 30 மீட்டர், ஏறினால் காடும் குந்திப்புழைப் பள்ளத்தாக்கும் தெரியும். அந்த ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டு, பெரிய போராட்டம் நடந்து, கடைசியில் கைவிட்டார்கள். 1984-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, 1985-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். அணையைத் திற என்று போராடுகிற ஊரில் இருந்து போய், அணையே வேண்டாம் என்று போராடி ஜெயித்த இடத்தில் நின்றால் ஒரு மாதிரிதான் இருந்தது!

உங்களுக்கு மயிலாடுதுறை ஜனசதாப்தி வசதி, மதியத்துக்கு மேல் ஏறினால் இரவு கோவை. அங்கே தூங்கி எழுந்து விடியற்காலை ஆனைகட்டி, அகளி வழியாக வண்டி பிடித்தால் முக்காலிக்கு எழுபது கிலோமீட்டருக்குள்தான். இரவெல்லாம் வேனில் உருளுவதை விட இது எவ்வளவோ மேல். கோடை முற்றினால் காட்டுத்தீ பயத்தில் மூடுவதும் உண்டு, எனவே கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

குடமுருட்டிக்கரை:

ரொம்ப நன்றி தம்பி. பாலு சார், உங்கள் வேன் கதையை வீட்டில் சத்தமாகப் படித்தேன், அத்தோடு நோட்டீஸ் அடுப்புக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். மாமியார் முழங்காலுக்கு அந்த ஜீப் தாங்குமா? அட்டை கடிக்கும் என்கிறார்களே, அது?

நடுப்படுகை:

தாங்காது என்றுதான் சொல்வேன். தம்பிக்கு இளவயசு, அவருக்குத் தெரிந்திருக்காது. அது ரோடு இல்லை, கல்லும் பள்ளமும், போக வர 46 கிலோமீட்டர் தூக்கித் தூக்கிப் போடும். நான் 58, வந்து மூன்று நாள் இடுப்பில் தைலம் தேய்த்தேன். கோபுரத்தில் ஏறுவதைப் பற்றி அம்மா நினைக்கவே வேண்டாம்.

எனக்கென்னவோ வால்பாறை போகலாம் என்று தோன்றுகிறது. ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி, நல்ல தார் ரோடு, ஒன்பதாவது வளைவுப் பக்கம் வண்டியை ஓரம் கட்டினால் பல நாள் ரோட்டோரத் தடுப்புச் சுவரிலேயே வரையாடு நிற்கும். அம்மா காரில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனைமலைப் புலிகள் காப்பகம் அது, ஒரு வாழைப்பழம் கூடப் போடக்கூடாது, வழியில் இறங்கிக் கூத்தடிக்கவும் கூடாது. அட்டையைப் பற்றி நடவு வயலில் இறங்குகிற நாம் கேட்கலாமா, பிப்ரவரியில் தரை காய்ந்து கிடக்கும், அவ்வளவாக இருக்காது. மழைக்காலத்தில்தான் சாக்ஸுக்குள் நுழையும்.

வாந்திக்கு ஒரு யோசனை. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், பையனை முன் சீட்டில் உட்கார வையுங்கள், வளைவில் போன் பார்க்க விடாதீர்கள். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். என் அனுபவத்தில் மாத்திரையை விட அதுதான் கேட்கிறது.

நாச்சியார்கோவில்_டு_கோவை:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே, முழங்காலை நான் யோசிக்கவில்லை. ஆனால் வால்பாறை ரோட்டில் காட்டைக் காட்ட யாரும் வரமாட்டார்கள், அக்கா கேட்டது கைடோடு போகிற டூர்.

கல்லணை_லஸ்கர்:

முப்பது வருஷம் வாய்க்கால் மதகு திறந்து மூடின ஆள் நான், ரிட்டயர்டு. போன வருஷம் மகளோடு முக்காலி போனேன். எனக்கும் முழங்கால்தான், ஜீப்பில் ஏறவில்லை. மகளையும் மாப்பிள்ளையையும் அனுப்பிவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரரிடம் இது என்ன ஆறு என்று கேட்டால் பவானி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பவானிதான் தங்கச்சி அது. நீலகிரியில் பிறந்து கேரளாவுக்குள் இறங்கி, முக்காலியில் ஒரு திருப்பம் திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி இந்தப் பக்கம் வந்து, பவானிசாகரில் தேங்கி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. கூடுதுறை மேட்டூருக்குக் கீழே. அதனால் மேட்டூர் மூடியிருந்தாலும் பவானியில் பெருவெள்ளம் வந்தால் முக்கொம்பு தாண்டி எங்களுக்குக் கல்லணையில் வேலை வந்துவிடும். எத்தனையோ ராத்திரி அந்தத் தண்ணீருக்காக விழித்திருக்கிறேன், அது எந்தக் காட்டில் இருந்து வருகிறது என்று அறுபது தாண்டித்தான் பார்த்தேன்.

ஜீப்பில் போய் மேலே பார்க்கிற குந்திப்புழை வேறு, அது மேற்கே பாரதப்புழைக்குப் போய்விடும். நம்முடையது முக்காலியில் ஓடுவதுதான். கேரளாவில் கிழக்கே ஓடுகிற ஆறு மூன்று, கபினி, பவானி, பாம்பாறு. மூன்றும் கடைசியில் காவிரிக்குத்தான் வருகின்றன. மூணாறுக்கு அந்தப்புறம் மறையூர் வழியாக ஓடுகிற பாம்பாறு அமராவதியாகி வருகிறது.

உங்கள் மாமியாரை நான் செய்த மாதிரி முக்காலியில் உட்கார வையுங்கள். துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும், நாலைந்து மணி நேரம் ஆகும் அல்லவா. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு போங்கள், தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம், பாறை வழுக்கும்.

மன்னை_ரயிலடி:

கோவையில் இருந்து எடுக்கும் வண்டி அந்த ஊர்க்காரர் ஓட்டுவதாகப் பாருங்கள். நம் ஊர் டிரைவர்கள் புலி. ஆனால் பைபாஸில்.

குடமுருட்டிக்கரை:

லஸ்கர் அண்ணன் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். ஆடிப்பெருக்குக்கு நாம் விடுகிற விளக்கு அங்கே இருந்து வருகிற தண்ணீரில்தான் மிதக்கிறதா என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இப்போதே பரணில் இருந்து இறக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் அவர்களோடு முக்காலியில் இருந்துகொள்கிறாராம். ஆற்றைப் பார்க்க என்கிறார், தூங்கத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் பையனும் ஜீப். மாமியார் ஜனசதாப்திதான் வேண்டும் என்கிறார்கள், பிப்ரவரி இரண்டாவது வாரத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுப்படுகை அண்ணன் சொன்ன எலுமிச்சம்பழம் கொல்லையிலேயே இருக்கிறது.

புலி கண்ணில் படாது என்று பையனிடம் இன்னும் சொல்லவில்லை. கோவை ஸ்டேஷன் தாண்டட்டும்.