நமீப் போன்ற பாலைக்கு ஒரு பெயர்: கலைச்சொல் விவாதம்

திருச்சி, புவியியல் ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கான நூலொன்றில் நமீப் பாலைவனம் பற்றிய இயலை நான் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். அங்கோலாவில் தொடங்கி நமீபியக் கரை முழுவதையும் தழுவித் தென்னாப்பிரிக்கா வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்நிலத்தின் கடற்கரையில் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வது அரிது. ஆனால் அதே கரையில் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் கடலிலிருந்து மூடுபனி ஏறி வருகிறது, சில நாள்களில் நூறு கிலோமீட்டர் உள்ளே வரையிலும் செல்கிறது. ஆங்கில நூல்கள் இவ்வகை நிலத்தை ‘ஃபாக் டெசர்ட்’ என்கின்றன. நான் ‘கடலோரப் பாலைவனம்’ என்று எழுதியிருந்தேன். மேலாய்வாளர் அதை அடித்துவிட்டு, “செங்கடற்கரையும் கடலோரப் பாலைதான், அங்கே ஏன் கொதிக்கிறது?” என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. குழுவினர் ஒரு சொல் தந்து உதவ வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் ‘வனத்தை’ வெட்டுங்கள். மரமே இல்லாத இடத்துக்கு வனம் எதற்கு? அதுவும் வடசொல். ‘பாலை’ ஒன்றே போதும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’ என்றார் இளங்கோவடிகள்; வெயில்தான் அங்கே நிலத்தைத் திரிக்கிறது. தொல்காப்பியரோ பாலைக்குத் தனி நிலமே ஒதுக்கவில்லை. உங்கள் நமீபில் திரிந்திருப்பது முல்லையும் அன்று, குறிஞ்சியும் அன்று. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தல் திரிந்து பாலையாகியிருக்கிறது. ஆகவே ‘நெய்தற்பாலை’ என்பதே இலக்கணமும் இலக்கியமும் ஒப்பும் சொல்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ‘நெய்தல்’ என்றதும் தறியை நினைக்கும் தலைமுறைக்கு நாம் பாடம் எழுதுகிறோம். ‘செயற்பாலது’ போல ‘நெய்தற்பாலது’ என்று பிரித்து, நெய்யத் தக்க துணி ஏதோ என்று ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வராது. அதோடு, திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்பதும் தொல்காப்பியர் விதிதானே? ‘நெய்தற்பாலை’ நில மயக்கம் அல்லவா?

யாழ்ப்பாணம், புவியியல் ஆசிரியர்:

வணக்கம். ‘ஃபாக்’ என்பதற்கு எங்களிடம் ‘புகார்’ என்ற சொல் இருக்கிறது. அகராதிகளிலும் அது இடம்பெற்றுள்ளது. ‘புகார்ப்பாலை’ என்றால் ‘மூடுபனிப் பாலை’ என்று மூன்று சொல்லை ஒட்ட வேண்டிய தேவை இராது. தமிழ்நாட்டில் புகார் என்றால் காவல் நிலையத்தில் கொடுப்பது என்பதை அறிவேன். நாங்கள் அதை ‘முறைப்பாடு’ என்கிறோம், ஆகையால் எங்கள் மாணவர்களுக்குக் குழப்பம் இல்லை. உங்கள் குழப்பத்துக்காக நாங்கள் ஒரு நல்ல சொல்லை இழக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

கோவை, சொற்பிறப்பியல் ஆர்வலர்:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது பொன்னான சொல். ஆறு கடலுள் புகுமிடம் புகார்; கடலின் ஈரம் நிலத்துள் புகுவதும் புகார். புகு, புகை, புகார் மூன்றும் ஒரே வேரினவாகவே எனக்குத் தோன்றுகின்றன. நமீபில் குயிசெப் என்றோர் ஆறு உண்டு. பெரும்பாலான நாள்களில் வறண்டு கிடக்கும், மணல்மேடுகள் வழிமறிப்பதால் கடலைச் சேர்வதும் அரிது. ஆறு கடலில் புக முடியாத இடத்தில் கடல் ஆவியாகி நிலத்துள் புகுகிறது! இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும்? மேலும் ‘பாலை’ என்பதைப் ‘பால்’ (பகுதி) என்பதோடு இணைத்துப் பார்த்தால்...

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வெள்ளிக்கிழமை.

தூத்துக்குடி, வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

இதுவரை பேசியவர்கள் அனைவரும் விளைவுக்குப் பெயர் தேடுகிறார்கள், காரணத்தைத் தொடவில்லை. அந்தக் கரை வறண்டிருப்பதற்கு மூடுபனி காரணம் அன்று. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் பெங்குவேலா நீரோட்டமே குளிர்ந்தது. போதாக்குறைக்கு, கரையை ஒட்டி வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, ஆழத்திலுள்ள இன்னும் குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரைத் தொட்ட காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மூடுபனியாகிறது. அதற்கு மேலே, தென் அட்லாண்டிக்கின் உயரழுத்த மண்டலத்தில் கீழிறங்கும் காற்று வெம்மையும் வறட்சியுமாக ஒரு மூடியைப் போல அமர்ந்திருக்கிறது. கீழே குளிர், மேலே வெப்பம் என்று அடுக்கு தலைகீழாக இருப்பதால் முகில் உயர்ந்து வளர முடியாது. வளராத முகிலிலிருந்து மழை வராது. கிழக்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரமும் கண்டத்தைக் கடந்து வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. மூடுபனியும் வறட்சியும் ஒரே குளிர்கடலின் இரட்டைப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் பெயரை மற்றதற்கு வைக்கிறீர்கள். செங்கடற்கரையில் மேலெழும் குளிர்நீர் இல்லை, அதனால் கொதிக்கிறது. மேலாய்வாளரின் கேள்விக்கு விடை சொல்லும் பெயர் ‘குளிர்கடற்பாலை’ ஒன்றே. சிலியின் அட்டகாமாவுக்கும் இது பொருந்தும். அங்கே அதே வேலையைச் செய்வது ஹம்போல்ட் நீரோட்டம்.

எங்கள் பக்கத்துத் ‘தேரி’யை யாராவது எடுத்து வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அது செம்மணல் மேடு, மழை பெறும் நிலம், பனை வளரும் இடம். இங்கே அதற்கு வேலை இல்லை.

திருச்சி, புவியியல் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. காரணம் பற்றிய விளக்கத்தை அப்படியே இயலில் சேர்த்துக்கொள்கிறேன். ஆயினும் பெயரை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. காரணம் கடலாக இருக்கலாம், அங்கே உயிர்கள் பிழைத்திருப்பது மூடுபனியால்தான். ஒனிமேக்ரிஸ் என்னும் கருவண்டு விடியற்காலையில் மணல்மேட்டின் முகட்டுக்கு ஏறிக் காற்றுக்கு எதிரே தலைகீழாக நிற்கிறது. முதுகில் படியும் நீர்த்துளிகள் உருண்டு அதன் வாய்க்கு வருகின்றன. 2013இல் நமீபின் மணல்மேட்டுப் பரப்பாகிய ‘நமீப் மணற்கடலை’ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, மூடுபனியின் தாக்கம் பெற்ற விரிந்த மணல்மேடுகள் உள்ள ஒரே கடலோரப் பாலை என்பதையே யுனெஸ்கோ சிறப்பாகக் குறிப்பிட்டது.

மனித வரலாற்றுப் பகுதிக்கும் பெயர் ஒத்துவர வேண்டும். குயிசெப் கரையில் வாழும் தோப்னார் மக்கள், இலையற்ற முட்புதரில் காய்க்கும் ‘நாரா’ப் பழத்தைக் காய்ச்சிக் கூழாக்கி, விதையைப் பிரித்தெடுத்து விற்பவர்கள். 1533இல் இந்தியா நோக்கி வந்த ‘போம் ஜெசுஸ்’ என்னும் போர்த்துகீசியக் கப்பல் இக்கரையில் உடைந்தது; 2008இல் வைரச் சுரங்கப் பணியின்போது அது வெளிப்பட்டது. செருமானியர் ஆட்சியில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் கொன்றொழிக்கப்பட்டார்கள். லூடெரிட்ஸ் துறைமுகத்தருகே சுறாத் தீவில் அடைக்கப்பட்டவர்கள் குளிரிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அதே 1908இல், அதே ஊருக்கு அருகே, ரயில் பாதையில் மணல் அள்ளிய சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி வைரத்தைக் கண்டெடுத்தார்; அதனால் எழுந்த கோல்மான்ஸ்கோப் நகரம் 1956இல் ஆளற்றுப் போய், இன்று அதன் அறைகளில் மணல் நிறைந்திருக்கிறது. பாலையில் குளிரால் மனிதர் இறந்தனர் என்று எழுதினால் மாணவர் நம்ப வேண்டும். பெயரே அதற்கு அவரை ஆயத்தப்படுத்த வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் ‘பனிப்பாலை’ என்றே வையுங்கள். நில மயக்கம் என்று என்னைக் கேட்டவருக்கும் இது விடையாகும்: பாலைக்கு நண்பகலும் வேனிலும் மட்டுமன்று, பின்பனிக் காலமும் உரியது என்று தொல்காப்பியரே தனி நூற்பா வைத்திருக்கிறார். பனியும் பாலையும் ஈராயிரம் ஆண்டு உறவினர்.

தூத்துக்குடி, வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

பின்பனி என்பது தலைவன் பிரிந்து செல்லும் பருவம், ஐயா. அதற்கும் அட்லாண்டிக்குக்கும் தொடர்பில்லை. ‘பனிப்பாலை’ என்றால் மாணவர் அண்டார்க்டிகாவுக்குப் போய்விடுவார், அதுவும் பாலைதான்.

திருச்சி, புவியியல் ஆசிரியை:

இனியும் காத்திருக்க இயலாத நிலையில், தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மையோர் ‘மூடுபனிப் பாலை’ பக்கம் இருக்கிறார்கள். அதையே இடுகிறேன். முதன்முறை வருமிடத்தில் ‘குளிர்கடலால் உண்டாகும்’ என்ற அடையையும் சேர்க்கிறேன். கலைச்சொற் பட்டியலில் ‘புகார்ப்பாலை’ இலங்கை வழக்காக இடம்பெறும்.

யாழ்ப்பாணம், புவியியல் ஆசிரியர்:

நன்றி, அம்மா. ஆனால் ஒரு சொல்லை ‘இலங்கை வழக்கு’ என்று குறித்துவிட்டால் அதை வேறெவரும் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ‘மூடுபனிப் பாலை’க்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

கோவை, சொற்பிறப்பியல் ஆர்வலர்:

நானும் உடன்படவில்லை. ‘பால்’ பற்றிய விளக்கத்தை ஞாயிற்றுக்கிழமை தனி இழையில் தொடர்கிறேன்.