2200 ஆர்பிஎம் தாண்டினால் சூடு அலாரம்: இம்பெல்லர் மாற்றியும் தீரவில்லை

வாடை24:
24 அடி பழைய ஃபைபர் பாய்மரப் படகு. ஒற்றை சிலிண்டர் டீசல், 9 குதிரைத்திறன். கூலன்ட் கிடையாது, கடல்நீரே நேராக இன்ஜின் பிளாக்குக்குள் ஓடிக் குளிர்விக்கும் வகை. 2200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சாது. அதற்கு மேல் பத்து நிமிடம் ஓட்டினால் அலாரம். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் குறைவு, வெள்ளை ஆவி அதிகம். நீர் உறிஞ்சும் வாயில் சிப்பி சுரண்டியாச்சு, இம்பெல்லர் (நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) புதுசு. ஜனவரி கடைசியில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகணும். அடுத்து எதைக் கழற்ற?

கீல்போல்ட்:
இப்போதைக்கு ஒன்றையும் கழற்றாதீங்க, அளந்து பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது பம்பின் வெளிவாய் ஹோஸை மட்டும் பிரித்து வாளியில் விட்டு, 1500-இல் ஒரே ஒரு நிமிடம். பிறகு ஹோஸை மாட்டி, எக்ஸாஸ்ட் வாயிலும் அதே அளவு. இரண்டும் குறைவென்றால் கோளாறு பம்புக்கு முன்னால். முதலாவது நிறைய, இரண்டாவது குறைய என்றால் அடைப்பு உள்ளே. பழைய இம்பெல்லரின் இறக்கைகளையும் எண்ணுங்க. ஒன்று குறைந்தாலும் அந்த ரப்பர் துண்டு உள்ளேதான் எங்கோ சிக்கியிருக்கும்.

வாடை24:
இறக்கை எல்லாம் இருக்கு. பம்ப் வாயில் 4 லிட்டர், வெளியே ஒன்றரை.

கீல்போல்ட்:
அப்போ அடைப்பு உள்ளே. எக்ஸாஸ்ட் எல்போ, அதாவது புகைக்குழாயின் வளைவுதான் முதல் சந்தேகம். சூடான புகையில் கடல்நீர் கலக்கும் இடம் அது. உப்பும் கரியும் சேர்ந்து கல்லாகிவிடும். கழற்றி டார்ச் அடிங்க. சுரண்டிச் சுத்தம் செய்து, வெளிப்புறம் சுத்தியலால் லேசாகத் தட்டுங்க. மந்தமாக ஒலித்தால் சுவர் அரித்துப்போச்சு, புதுசு வாங்குவதே மேல். கேஸ்கட் எப்படியும் புதுசு.

நங்கூரம்:
தெர்மோஸ்டாட்டையும், அதாவது சூடானதும் தானே திறக்கும் நீர் வால்வையும், பாருங்க அண்ணே. இந்த வகைக்கு 42 டிகிரியில் திறக்கணும். கிடைக்கலைன்னு கார் தெர்மோஸ்டாட், 82 டிகிரி, மாட்டிவிடுகிற பழக்கம் உண்டு. 60 தாண்டினாலே உப்பு பிளாக்கில் படிய ஆரம்பிக்கும். பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, சமையல் வெப்பமானியோடு சூடேற்றினால் தெரிந்துவிடும். பிளாக்கை ஆசிட் விட்டுக் கழுவுவதானால் துத்தநாக ஆனோடை (இன்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) முதலில் கழற்றிடுங்க, இல்லாவிட்டால் ஆசிட் அதைத்தான் தின்னும்.

வாடை24:
எல்போவில் பென்சில் நுழையும் அளவு ஓட்டைதான் மிச்சம். தெர்மோஸ்டாட் 43-இல் திறக்குது. புது எல்போ போட்டதும் வெளியே மூன்றே முக்கால் லிட்டர். 2800-இல் அரை மணி நேரம், அலாரம் இல்லை.

கீல்போல்ட்:
சரி. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றினால் சீ காக்கை (கடல்நீர் உள்ளே வரும் வால்வு) மூடிட்டுச் சுற்றுங்க. புகை தள்ளாததால் மஃப்ளர் (எக்ஸாஸ்ட்டின் சத்தம் குறைக்கும் பெட்டி) நிரம்பி தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். பிடித்த மறுநொடி திறக்கணும்.

நங்கூரம்:
வழி சுமார் 75 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 15 மணி நேரம். மாலை 5-க்குக் கிளம்பினால் விடிந்தபின் சேரலாம். ஜனவரி வாடைக்காற்று தணிந்து பின்னாலிருந்து தள்ளும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை விட்டு நன்றாக வெளியே போங்க. வெளிச்சமில்லாத வலை மிதவைகள் இருக்கும், இரவில் முன்னால் ஒருவர் டார்ச்சோடு உட்காரணும். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் உடனே நியூட்ரல். புதுச்சேரியில் நுழையும் அரியாங்குப்பம் ஆற்று வாயில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீரேற்றத்தில், மீன்பிடிப் படகு ஒன்றின் பின்னாலேயே நுழைங்க.