மறு: ‘லைசென்சிங்’ – உரிமமா, குத்தகையா, பயனுரிமமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கண்டுபிடிப்பின் உடைமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பிறரைப் பயன்படுத்த விடும் ‘லைசென்சிங்’குக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கி வைத்தவன் நான். நான்கு நாளாக வந்த மடல்களுக்கு இன்றுதான் உட்கார்ந்து பதில் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை மல்லுக்கட்டுகிறீர்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கண்டுபிடிப்புகளைத் தொழில்முனைவோருக்கு அறிமுகப்படுத்தும் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். கண்டுபிடிப்புக்கு ஒரு பக்கம். என்ன சிக்கல், என்ன தீர்வு, ஆய்வகத்தில் எதுவரை சோதித்திருக்கிறார்கள், காப்புரிமை எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாக வரும். பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ‘அவைலபிள் ஃபார் லைசென்சிங்’ என்று ஒரு வரி. எல்லாப் பக்கத்திலும் அதே வரி. அதை நான் ‘விற்பனைக்கு உண்டு’ என்று எழுதினேன். அச்சாகியும் போனது.

நீர் வடிகட்டி செய்யும் சிறு தொழிற்கூடம் நடத்துபவர் ஒருவர் அந்தக் கையேட்டைப் படித்திருக்கிறார். அதில் இருந்த வடிகட்டிச் சவ்வு ஒன்றை மொத்தமாக வாங்கிவிடலாம் என்று கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு போயிருக்கிறார். அவர் முன் வைக்கப்பட்ட ஒப்பந்தம் வேறு கதை சொன்னது. கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்தின் சொத்தாகவே இருக்கும். இவர் செய்து விற்கலாம். விற்கும் ஒவ்வொன்றுக்கும் இத்தனை விழுக்காடு கட்ட வேண்டும். குறித்த காலத்துக்குள் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் அந்த உரிமையும் திரும்பிப் போய்விடும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருந்ததால் தேடிப்பிடித்து என்னையே அழைத்தார். “விற்பனைன்னு போட்டிருந்தீங்களே ஐயா?” அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அன்றிலிருந்துதான்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ‘உரிமம்’ என்று ஏற்கெனவே நிலைத்த சொல் இருக்கிறதே. இன்னொன்று எதற்கு?

அக்கா, நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ‘உரிமம்’ என்றதும் நம் மனம் எங்கே போகிறது? ஓட்டுநர் உரிமம், துப்பாக்கி உரிமம், கட்டட உரிமம். எல்லாமே மேலிருந்து கீழே வருபவை. தடுக்கப்பட்ட ஒன்றைச் செய்துகொள்ள அரசு தரும் இசைவு அது. கட்டணத்தைக் கட்டினால் கணக்கு முடிந்தது. வண்டி ஓட்டிச் சம்பாதித்ததில் பங்கு கொடு என்று உரிமம் கொடுத்தவர் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தன் கண்டுபிடிப்பை ஒரு நிறுவனத்தின் கையில் கொடுப்பது அப்படியா? அது உடையவருக்கும் உழைப்பவருக்கும் இடையிலான உடன்படிக்கை. பேரம் உண்டு, கெடு உண்டு, விளைச்சலில் பங்கு உண்டு. ‘உரிமம் வழங்கப்படும்’ என்று போட்டால் படிப்பவர் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவார். பேசித் தீர்க்க வேண்டிய இடம் அது என்றே அவருக்குத் தோன்றாது.

> அப்படியானால் குத்தகை என்றே சொல்லிவிடலாமே. தமிழனுக்கு இதைவிடப் புரியும் சொல் உண்டா?

இந்த மடலைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன் ஐயா. ஒப்பந்தத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் நம் நிலவுடைமையில் சொல் காத்துக் கிடக்கிறது. உடைமையைக் காட்டும் ஆவணத்துக்குப் பட்டா. குத்தகை எடுத்தவர் இன்னொருவருக்கு விட்டால் உள்குத்தகை. இந்தத் துறைக்கு மட்டும் என்று எல்லை கட்டினால் புலம். மருந்துக்கு ஒருவர், வேளாண்மைக்கு ஒருவர் என்று ஒரே கண்டுபிடிப்பைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை ஆங்கிலமும் ‘ஃபீல்ட்’ என்று வயலின் பெயரால்தானே சொல்கிறது! வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் முடக்கிவிடக் கூடாது என்ற விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதற்கு ‘தரிசு போடாமை’ என்பதைவிடத் தெளிவான பெயரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தச் சொற்களை எல்லாம் எடுத்துக்கொள்வோம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் தலைச்சொல்லாகக் குத்தகை நிற்காது. ஒரு வயலை ஒரே போகத்தில் இரண்டு பேர் முழுதாக உழ முடியாது. கண்டுபிடிப்பை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உழலாம், ஒருவருக்கும் குறையாது. மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன்–போயர் முறைக்கு 1974ல் விண்ணப்பித்து 1980ல் காப்புரிமை பெற்றது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். யாருக்கும் தனியாகக் கொடுக்காமல், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. 1997ல் காலம் முடிவதற்குள் 468 நிறுவனங்கள் எடுத்தன. வந்த தொகை ஏறக்குறைய 25 கோடியே 50 லட்சம் டாலர். ஒரே நிலத்துக்கு 468 குத்தகைதாரர் என்று எழுதினால் படிப்பவர் வழக்கு நடக்கிறது என்று எண்ணிக்கொள்வார். பல்கலைக்கழக வரலாற்றிலேயே பேர்பெற்ற ஓர் உடன்படிக்கையைச் சொல்ல முடியாத சொல்லைத் தலைச்சொல்லாக வைக்கலாகாது.

அதனால்தான் பயனுரிமம் என்கிறேன். உடைமை வேறு, பயன் வேறு என்ற பிரிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உடைமை உடையவரிடம், பயன் எடுத்தவரிடம். பத்துப் பேர் எடுத்தாலும் சொல் முறிவதில்லை.

> காப்புரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமைதான், பயன்படுத்தும் உரிமை அல்ல. அப்படியிருக்க ‘பயன்’ என்று நீங்கள் வாக்குக் கொடுப்பது சட்டப்படி மிகையாகாதா?

சட்டம் படித்த ஐயா தொட்டது என் சொல்லின் மெய்யான குறையை. புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வைத்திருக்கிறேன், அதற்குள் இருக்கும் வில்லுக்கு இன்னொருவர் காப்புரிமை வைத்திருக்கிறார் என்றால், என் பூட்டை நானே செய்து விற்க முடியாது. என்னிடம் எடுத்தவரும் விற்க முடியாது. நான் அவருக்குக் கொடுப்பது ‘உன்மேல் வழக்குப் போடமாட்டேன்’ என்ற உறுதி மட்டுமே. மாற்றாக நீங்கள் சொன்ன ‘தடைவிலக்கு’, அதாவது தடுக்கும் உரிமையை விலக்கிக்கொள்வது, இதை நூலிழை பிசகாமல் சொல்கிறது. ஆனாலும் வடிகட்டிக்காரர் அந்தச் சொல்லைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? யாரோ அவரைத் தடுத்து வைத்திருந்ததாக அல்லவா நினைப்பார்? சொல்லை ‘பயனுரிமம்’ என்றே வைத்துக்கொண்டு, கையேட்டின் முதல் பக்கத்திலேயே ‘இதைச் செய்து விற்கப் பிறருடைய காப்புரிமையும் தேவைப்படலாம்’ என்று ஒரு வரி சேர்ப்பதே சரி என்று படுகிறது. எச்சரிக்கையைச் சொல்லுக்குள் திணித்தால் சொல் சுமை தாங்காது.

இப்போது வினை. இதைத்தான் நான் மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன், இழையில் யாரும் தொடவும் இல்லை. பெயர்ச்சொல் கிடைத்ததும் ‘வழங்கு’, ‘அளி’, ‘பெறு’ என்று ஏதோ ஒரு துணைவினையை ஒட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பயனை மட்டும் கொடுப்பதற்கென்றே தமிழில் ஒரு வினை இருக்கிறது: விடு. வாடகைக்கு விடுகிறோம், குத்தகைக்கு விடுகிறோம், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுகிறோம். யாரும் ‘வாடகை வழங்குகிறேன்’ என்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் எடு: வாடகைக்கு எடுத்தேன், குத்தகைக்கு எடுத்தேன். ஆங்கிலத்தில் லைசென்ஸ் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கொடுப்பவர் பக்கம் ‘அவுட்’, வாங்குபவர் பக்கம் ‘இன்’ என்று ஒட்டுப் போட்டுச் சமாளிக்கிறார்கள். நமக்கு அந்த ஒட்டு வேண்டாம். பயனுரிமத்துக்கு விடுதல், பயனுரிமத்துக்கு எடுத்தல்.

அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே வந்துவிட்டது. ‘பயனுரிமத்துக்குக் கிடைக்கக்கூடியவை’, ‘உரிமம் பெறத்தக்கவை’ என்றெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டோமே! வீட்டு வாசலில் தொங்கும் பலகையை நினைத்துப் பாருங்கள்: ‘வாடகைக்கு விடப்படும்.’ அதைப் பார்த்து யாரும் வீடு விலைக்கு வருகிறது என்று நினைத்ததில்லை. உள்ளே போய்ப் பேச வேண்டும், முன்பணம் இருக்கும், நிபந்தனை இருக்கும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆக, ‘இக்கண்டுபிடிப்பு பயனுரிமத்துக்கு விடப்படும்.’ அன்றைக்கு இதை எழுதியிருந்தால் அந்த மனிதர் கடன் ஏற்பாட்டோடு போயிருக்க மாட்டார்.

இதோடு ஒட்டி இன்னொரு சொல்லையும் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் பல்கலைக்கழகத்துக்குத் தன் உரிமையை முழுதாகக் கொடுத்துவிடும் முதல் படி இருக்கிறதே, அதையும் சிலர் உரிமம் என்றே எழுதுகிறார்கள். அது தவறு. இன்சுலின் காப்புரிமையை 1923ல் பான்டிங்கும் அவருடைய தோழர்களும் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அதோடு அது அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. அது எழுதிக்கொடுப்பு. பிறகு பல்கலைக்கழகம் மருந்து நிறுவனங்களைச் செய்ய விட்டதுதான் பயனுரிமம். ‘சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டார்’ என்று ஊரில் சொல்வோமே, அந்தப் பொருளேதான், ‘எழுதிக்கொடுப்பு’ போதும்.

இந்த வினையில் காலம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டே சாட்சி. அங்கிருந்த ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு ‘எழுதிக்கொடுக்க ஒப்புகிறேன்’ என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு ஒரு நுட்பத்தைக் கற்றுக்கொள்ளப் போன நிறுவனத்தில் ‘இதன்வழி எழுதிக்கொடுக்கிறேன்’ என்று கையெழுத்திட்டார். முன்னது வரப்போவதற்கான வாக்கு, பின்னது அந்தக் கணமே நடந்து முடிந்த செயல். எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் முறை பற்றிய அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2011ல் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிசெய்த 1980ஆம் ஆண்டுச் சட்டமும் கைகொடுக்கவில்லை. ஆகவே ஒப்பந்தங்களைத் தமிழாக்குவோர் ‘எழுதிக்கொடுப்பதாக’ என்று மொட்டையாக விடாதீர்கள். கொடுக்கிறேனா, கொடுப்பேனா என்பது தெளிவாக இருக்கட்டும்.

> எக்ஸ்குளூசிவ் – தனிப் பயனுரிமம்?

தம்பி, ‘தனி’ போதாது. தனிவீடு, தனிப்பயிற்சி என்று அதற்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. தவிர, இங்கே இரண்டு நிலைகள் உண்டு. ஒருவருக்கு மட்டும் விட்டு, உடையவரும் பயன்படுத்திக்கொள்வது ஒன்று. உடையவரே விலகி நிற்க வேண்டியது இன்னொன்று. முன்னதை ஒற்றைப் பயனுரிமம் என்றும், பின்னதை முற்றுப் பயனுரிமம் என்றும் சொல்லலாம். முற்றாக விட்டாலும் பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் தமக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்துக்கொள்வது வழக்கம்.

‘முற்று’ என்பதன் கனம் சிறியதல்ல. ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்துக்கு அதை முற்றாக விட்டிருந்தார்கள். 2001ல் தென்னாப்பிரிக்காவில் மலிவான வடிவத்தை அனுமதியுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டபோது, முடிவு எங்கள் கையில் இல்லை, எடுத்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்றுதான் யேலால் சொல்ல முடிந்தது. உடையவர் அவர்கள்தான்! மாணவர்களும், அந்த மருந்தை ஆராய்ந்த பேராசிரியர் வில்லியம் புரூசாஃபும் குரல் எழுப்பிய பிறகு, அங்கே காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அந்த மார்ச்சில் அறிவித்தது. கையெழுத்திடும் பேராசிரியர் ‘தனி’ என்று படித்துவிட்டுக் கடந்துபோய்விடக் கூடாது. ‘முற்று’ என்று பார்த்தால் பேனா ஒரு கணம் நிற்கும்.

பலர்க்கும் விடுவதற்குப் ‘பொதுப் பயனுரிமம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மென்பொருள் உலகில் பொது உரிமம் என்றால் யாரும் எடுத்து மாற்றிப் பகிரத் திறந்து வைப்பது என்பதால் அது குழப்பும். ‘பலர்ப் பயனுரிமம்’ என்றே இருக்கட்டும்.

கடைசியாக ராயல்டி, அதாவது விற்பனையில் உடையவருக்குக் கட்டும் விழுக்காடு. இதில்தான் எனக்கு இன்னும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. அரசனுக்குரிய பங்கு என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் வேர். நம்மிடம் அதற்கு நேராக மேல்வாரம் இருந்தது. விளைச்சலில் உடையவர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். பொருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் மேல்வாரத்தில் ஜமீன் காலத்து வலி படிந்திருக்கிறது என்று அக்கா எழுதியதை நான் தள்ளிவிட மாட்டேன். கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்களின் பிள்ளைகள் படிக்கப்போகும் கையேடு இது. ‘பயன்பங்கு’ என்று மாற்றிப் பார்த்தேன். அங்கே வேறு சிக்கல்: பல ஒப்பந்தங்களில் பல்கலைக்கழகம் நிறுவனத்தின் பங்குகளையும் வாங்கிக்கொள்கிறது. தேடலில் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் முறைக்கு ஸ்டான்ஃபோர்டு 18 லட்சம் பங்குகள் பெற்று, 2005ல் அவற்றை விற்று முடித்தபோது 33 கோடியே 60 லட்சம் டாலர் கிடைத்திருந்தது. பங்கும் பயன்பங்கும் ஒரே பத்தியில் வந்தால் கணக்காளரே தடுமாறுவார்.

இப்போதைக்கு என் கை ‘பயன்வாரம்’ பக்கம் சாய்கிறது. வாரம் என்றால் ஏழு நாள் என்று படிப்பார்களே என்பீர்கள். ‘விற்பனையில் 3 விழுக்காடு பயன்வாரம்’ என்று ஒரு வரியில் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எனக்கு அங்கே கிழமை எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் தயங்காமல் எழுதுங்கள்.

அந்தக் கையேட்டின் மறுபதிப்பு வரும் மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது. கட்டத்துக்குள் ‘பயனுரிமத்துக்கு விடப்படும்’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். ராயல்டி வரும் இடங்களை மட்டும் மஞ்சள் அடித்து அப்படியே வைத்திருக்கிறேன். பயன்வாரமா, வேறா என்று உங்கள் மடல்களைப் பார்த்து நிரப்புகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்