இலவச இன்சுலேஷன் என்று வாசலில் வந்து நிற்கிறார்களா? பிரிட்டனில் வீடு வாங்கிய குமரி மாவட்டத்தாருக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து செவிலியர் வேலைக்கும் முதியோர் இல்ல வேலைக்கும் வந்த நம் பிள்ளைகள் சில ஆண்டுகளிலேயே இங்கே வீடு வாங்கிவிடுகிறார்கள். வாடகைக்குக் கொட்டுவதை வங்கித் தவணைக்குக் கட்டலாம் என்ற கணக்கை நம் ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையிலிருக்கும் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நூறு வயதைத் தாண்டிய செங்கல் வரிசை வீடு. சாவி கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடி ஒருவர் வந்து நிற்பார். "அரசு மானியம் வந்திருக்கிறது. உங்கள் சுவருக்கு இலவசமாக இன்சுலேஷன் போட்டுத் தருகிறோம். இந்த வாரமே கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும்."

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். இன்சுலேஷன் என்பது வீட்டுச் சூடு வெளியே போகாமல் சுவரிலோ பரணிலோ போடுகிற காப்பு. நான் தக்கலைக்காரன், இங்கே வீடுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. மானியமே மோசடி என்று சொல்ல வரவில்லை. நல்லபடியாகச் செய்த வீடுகள் கதகதப்பாக இருக்கின்றன, கட்டணமும் குறைகிறது. ஆனால் கெட்டுப்போன சுவரைப் பார்த்த பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பணம் யாருடையது என்று பாருங்கள். 2022-இல் தொடங்கிய எக்கோ 4 என்ற திட்டத்தில் அரசு கஜானாவிலிருந்து நேரடியாக ஒரு பைசாவும் வரவில்லை. மின்சார, எரிவாயு நிறுவனங்கள் இத்தனை வீடுகளைச் சீர்செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தச் செலவு எல்லோருடைய கட்டணத்திலும் சேர்ந்தது. வேலை செய்கிற ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கும் தொகை, வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டின் ஆற்றல் மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்தது. மதிப்பெண் காகிதத்தில் ஏறினால் போதும், அவருக்குப் பணம் வந்துவிடும். உங்கள் சுவர் அடுத்த மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. போதாக்குறைக்கு, வாசலுக்கு வந்தவர் ஒருவர், விண்ணப்பம் போடுகிறவர் இன்னொருவர், ஏணியில் ஏறுகிறவர் மூன்றாமவர். பிறகு பிரச்சினை என்று போனால் யாரைக் கேட்பது?

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் வயிறு கலங்கும். எக்கோ 4 திட்டத்திலும் அதன் துணைத் திட்டத்திலும் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள். அதாவது 22,000-க்கும் மேற்பட்ட வீடுகள். உட்புறச் சுவரில் போட்டவற்றில் 29 சதவீதம். பயிற்சியில்லாத ஆட்கள், தகுதிச் சான்று இல்லாதவருக்குக் கைமாற்றப்பட்ட உள் ஒப்பந்தங்கள், குறுக்குவழி என்று காரணங்களையும் அது அடுக்கியிருக்கிறது. 5,600 முதல் 16,500 வீடுகள் வரை பொய்க் கணக்குக் காட்டப்பட்டிருக்கலாம் என்று கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஜெம்மே மதிப்பிட்டிருந்தது.

சுவர் ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றோடு அடிக்கும் சாரலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரிட்டனின் மேற்குக் கரை முழுக்க அந்தச் சாரல்தான், ஆண்டில் பெரும்பகுதி. பழைய செங்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும், காற்றும் வெயிலும் பட்டால் திரும்ப விட்டுவிடும். அந்தச் சுவர் ஏற்கெனவே ஓதம் காத்து நிற்கும்போது வெளியே பலகையை ஒட்டிப் பூசி மூடுவது, ஈரம் காயாத நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி மூடுகிற வேலை. முதலில் கூரையோர மழைநீர்த் தகரம், மழைநீர்க் குழாய், செங்கல் இடுக்குகளின் சாந்து, தரையோரத்து ஈரத்தடுப்பு ஆகியவற்றைச் சரிசெய்து, சுவரை உலரவிட்டு, அதன் பிறகுதான் மூட வேண்டும். இலவசமாகச் செய்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டுபடியாகாது.

இனி ஓரங்கள். வெளியே பலகை ஒட்டினால் சுவர் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தடிக்கும். அப்படியானால் ஜன்னல் திண்ணையை நீட்ட வேண்டும், கூரை விளிம்பு போதாவிட்டால் அதையும் நீட்ட வேண்டும், மழைநீர்க் குழாயைக் கழற்றித் தள்ளி மாட்ட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் சிலிக்கான் பசையைத் தடவிவிட்டுப் போனால், இரண்டு குளிர்காலத்தில் பசை வெடிக்கும், தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கும். எரிவாயு மீட்டர் பெட்டியைச் சுற்றிப் பலகை ஒட்டாமல் விட்ட இடம் குளிர்ந்தே இருக்கும். வீட்டுக்குள் சரியாக அந்த அளவிலேயே கறுப்புப் பூஞ்சாணம் படரும். பாய்லர் புகைக்குழாயையும் காற்றுத் துளையையும் மூடிவிட்ட வீடுகளும் உண்டு. அது பூஞ்சாணத்தோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து.

காற்று இன்னொரு பெரிய சங்கதி. பத்மநாபபுரம் அரண்மனையில் மரச் சட்டங்களின் இடைவெளி வழியாக எப்போதும் காற்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஓட்டு வீடுகளிலும் காற்று எப்படியாவது உள்ளே வந்து வெளியே போகும். இங்கே இடுக்குகளையெல்லாம் அடைத்து இன்சுலேஷன் போட்ட வீட்டில் காற்று தானாக மாறாது. வழி செய்துதான் தர வேண்டும். நாமோ இரண்டு வேளை சோறு வடிக்கிறோம், புட்டு அவிக்கிறோம், மரச்சீனிக் கிழங்கு வேகவைக்கிறோம், வெயில் இல்லாததால் துணியையும் வீட்டுக்குள்ளேயே காயப் போடுகிறோம். அத்தனை ஆவியும் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே தள்ளும் மின்விசிறி, ஜன்னல் சட்டத்தின் மேலே சிறு காற்றுத் திறப்பு, உள்கதவுகளுக்கு அடியில் இடைவெளி ஆகிய மூன்றும் திட்டத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுக்கொடுத்த பிறகு குளிர்கிறது என்று அந்தத் திறப்பை டேப் ஒட்டி அடைக்காதீர்கள். (நம்மவர்களில் பலர் செய்கிற வேலை இது. பூஞ்சாணம் வந்ததும் வீட்டுக்குப் போட்ட வண்ணத்தைக் குறைசொல்வார்கள்.)

விசாவில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. வேலை விசாவில் வந்த பெரும்பாலோருக்குப் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. யுனிவர்சல் கிரெடிட், வீட்டு உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இலவச இன்சுலேஷன் திட்டங்களின் தகுதியோ பெரும்பாலும் இப்படி ஏதாவது ஓர் உதவித்தொகை பெறுவதை வைத்தே முடிவாகிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தக் கட்டத்தில் ஒரு டிக் மட்டும் போடுங்கள்" என்று முகவர் சொல்வார். பொய் அறிவிப்பில் இருப்பது உங்கள் கையெழுத்து, நாளை நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கப் போவதும் நீங்கள். குறைந்த வருமானத்தை வைத்து உள்ளாட்சி மன்றம் பரிந்துரைக்கிற வழியும் இருக்கிறது; அதைக் கேட்பதானால் மன்றத்துக்கு நீங்களே எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள், முகவர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

வேறு சில வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சுவருக்கு நடுவே உள்ள இடைவெளியில் பஞ்சு நிரப்புவது பல வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் சாரல் நேராக அடிக்கிற சுவருக்கும், இடைவெளியில் உடைந்த செங்கலும் சாந்தும் அடைத்துக் கிடக்கிற சுவருக்கும் ஆகாது. துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கூரையின் உட்புறத்தில் நுரை தெளிக்கும் வேலையை மானியத்தோடு வந்தாலும் இலவசமாக வந்தாலும் தொடாதீர்கள்: நுரைக்குப் பின்னால் மரம் மக்குகிறதா என்று பார்க்க முடியாததால் பல வங்கிகள் அந்த வீட்டுக்குக் கடன் தரத் தயங்குகின்றன, விற்கப்போகும்போதுதான் அடி விழும். பரண் தரையில் 270 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு விரிப்பதுதான் இருப்பதிலேயே மலிவு, ஆபத்தும் குறைவு. அதிலும் கூரை ஓரத்துக் காற்று வழியைப் பஞ்சால் அடைத்துவிடக் கூடாது.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துச் சூடேற்றும் கருவி) பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. பொருத்துகிற நிறுவனமே விண்ணப்பித்து, உங்கள் தொகையில் கழித்துக்கொள்ளும். எம்சிஎஸ் என்ற தரச் சான்று பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். மானியம் கழிக்கப்படும் என்பதற்காகவே விலையை ஏற்றிச் சொல்கிறவர்கள் இருப்பதால் மூன்று இடத்தில் விலை கேளுங்கள். இதற்கு 2027 மார்ச் வரை விற்பனை வரி கிடையாது. விலைப்பட்டியலில் வரி சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்ற கணக்கைக் காகிதத்தில் வாங்குங்கள். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. ஆகவே தவறாகக் கணக்கிட்டு, சிறிய ரேடியேட்டரை அப்படியே விட்டு, அதிகச் சூட்டில் ஓடவிட்டால் பழைய கட்டணத்தையும் தாண்டிவிடும். வெந்நீர்த் தொட்டி வைக்க இடம் வேண்டும் என்பதையும் யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். அரிசி மூட்டை வைக்கிற அலமாரி போய்விடும், வீட்டுக்காரியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீடு இன்னும் வாங்காதவர்கள், முந்தைய உரிமையாளர் வாங்கிய மானியத்தின் வாலும் சேர்ந்தே வரும் என்பதை நினைவில் வையுங்கள். 2013-இல் தொடங்கி 2015-இல் அரசு கைவிட்ட கிரீன் டீல் திட்டத்தின் கடன், ஆளோடு போகாமல் மின் மீட்டரோடு ஒட்டியிருக்கும். அதே காலத்தில் "இலவச சோலார்" என்று கூரையை 25 ஆண்டுக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தவர்களும் ஏராளம். இரண்டையும் உங்கள் வழக்கறிஞரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் சுவர் உங்களுடையதே அல்ல, நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கையெழுத்துக்கு முன் வாங்க வேண்டியவை: நிறுவனம் அரசு அங்கீகரித்த தரப் பதிவேடான டிரஸ்ட்மார்க்கில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்த்த விவரம், வீடுகளைச் சீர்செய்வதற்கான பாஸ் 2035 தரவிதிப்படி வேலையை மேற்பார்வையிடும் ஒருங்கிணைப்பாளரின் பெயர், உங்கள் வீட்டுக்கென்று வரைந்த வடிவமைப்பு, அதில் ஜன்னல் ஓரமும் கூரை விளிம்பும் எப்படி முடியும் என்ற படம், காற்றோட்ட மதிப்பீடு, நிறுவனம் மூடினாலும் செல்லுபடியாகும் காப்பீட்டு உத்தரவாதம். இவற்றைக் கேட்ட மறுநாளே பலர் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். அதுவே உங்களுக்கு வேண்டிய பதில். வீட்டு வாசலில் வைத்துக் கையெழுத்தான ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அதற்குள் வேலையைத் தொடங்கச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால் போடாதீர்கள். வேலைக்கு முன் உள்ளும் புறமும் எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஈரம் முன்பே இருந்தது என்று சொல்லித் தப்பிப்பதுதான் வழக்கமான சாக்கு. ஆண்டுதோறும் மழைநீர்த் தகரத்தைச் சுத்தம் செய்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்பில்லை என்பது அடுத்த சாக்கு.

ஏற்கெனவே கெட்டுவிட்டதா? பொருத்திய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு உத்தரவாதம் கொடுத்தவர், பிறகு டிரஸ்ட்மார்க். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வருகிற வழக்கு நிறுவனங்களிடம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஷெஃபீல்டில் அப்படி ஆயிரக்கணக்கான சுவர் வழக்குகளை நடத்திய ஒரு சட்ட நிறுவனம் 2024-இல் திவாலானது; எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கான பில் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் கதை வேறல்ல. ஆஸ்திரேலியாவில் 2009-இல் அவசரமாகத் தொடங்கிய பரண் இன்சுலேஷன் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், அரச விசாரணை ஆணையமே அமைக்க வேண்டிவந்தது. ஒன்டாரியோவில் இருப்பவர்கள், சூடேற்றும் கருவியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுப் பத்திரத்தின் மேல் உரிமை பதிவு செய்யும் பழக்கத்தை 2024-இல் சட்டம் தடுத்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளச்சலிலுள்ள அப்பா அம்மா வீட்டுக்கு மானியத்தில் சோலார் போடலாமா என்று கேட்ட தங்கைக்கு: போடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் கிடைக்கிறது. முழுத் தொகைக்கு முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் அப்பாவின் வங்கிக் கணக்கில் வரும். நிறுவனம் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். கிழக்கிலும் மேற்கிலும் தென்னை நின்றால் காலை எத்தனை மணிக்கு நிழல் விலகுகிறது, மாலை எத்தனை மணிக்குத் திரும்ப விழுகிறது என்று அப்பாவை மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கச் சொல்லாமல், ஒரு பையனை அனுப்பிப் படம் எடுத்து வாங்குங்கள். கடலோர உப்புக் காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் நிற்காது. துத்தநாகத்தில் முக்கியெடுத்தது வேண்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், அது முடியும்வரை யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.