இழை: ‘எக்ஸ்பிரஷனிச’த்துக்கு எந்தச் சொல்? கிர்க்னரின் மலைக்காட்சியை முன்வைத்து

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கவின்கலை மாணவர்களுக்கான ஓவிய வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்க்னர் 1919இல் தீட்டிய, இன்று டெட்ராய்ட் கலைக்கூடத்தில் உள்ள பனிக்கால நிலவொளிக் காட்சியைப் பற்றிய பகுதியில் வேலை நின்றுவிட்டது. 1915இல் படையில் சேர்ந்து, மனமும் உடலும் நொறுங்கி விடுவிக்கப்பட்ட அவர், 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்கு வந்து, எஞ்சிய வாழ்நாளை அந்த மலைகளுக்கிடையிலேயே கழித்தார். ஓவியத்தில் மலைகள் அடர்நீலம், முன்னே நிற்கும் மரங்கள் சிவப்பு, வானில் மஞ்சள் நிலா. உள்ளுணர்வை வண்ணத்திலும் வடிவிலும் அழுத்திக் காட்டும் இந்தப் பாணியை ‘எக்ஸ்பிரஷனிசம்’ என்றே விடலாமா, ‘வெளிப்பாட்டியம்’ எனலாமா, வேறு நல்ல சொல் உண்டா?

தமிழாசிரியர் எழுதியது:

அன்புடையீர், ‘வெளிப்பாடு’ என்பது ‘வெளிப்படு’ என்னும் தன்வினையிலிருந்து பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். உண்மை வெளிப்படும், ஞாயிறு வெளிப்படும். அங்கே எவரும் எதையும் வெளியே கொணர்வதில்லை. ஓவியரோ தம்முள் இருப்பதை வெளிப்படுத்துகிறார், அது பிறவினை. இலத்தீன் மூலமும் பிழிந்து வெளியேற்றுவதையே குறிக்கிறது. தொல்காப்பியம் தந்த ‘மெய்ப்பாடு’ கையில் இருக்க, நாம் ஏன் அலைய வேண்டும்? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டும் உள்ளத்தில் எழுந்து உடலில் புலப்படுபவை. கிர்க்னரின் மலையில் மருட்கை புலப்படவில்லையா? ‘மெய்ப்பாட்டியம்’ என்று எழுதுங்கள்.

ஓவிய ஆசிரியர் எழுதியது:

ஐயா, ‘மெய்ப்பாடு’ என்றதும் என் மாணவர்களின் நினைவுக்கு வருவது பரதநாட்டிய மேடைதான். மேலும், தன்வினை என்ற குறை ‘மெய்ப்படு’ என்பதற்கும் உண்டே. இரண்டிலும் இருப்பது ஒரே ‘படு’தானே? இன்னொன்றையும் கருத வேண்டும். 1919 ஜனவரி 20 அன்று பெல்ஜியக் கட்டடக்கலைஞர் ஹென்றி வான் டி வெல்டேக்கு எழுதிய கடிதத்தில், அன்று விடியற்காலை நிலா மறைந்த காட்சியைக் கிர்க்னர் விவரிக்கிறார்: சிறிய இளஞ்சிவப்பு மேகங்களின் நடுவே மஞ்சள் நிலா, தூய ஆழ்நீலத்தில் மலைகள். நாம் முழுக்க அகத்தில் பிறந்தவை என்று எண்ணும் வண்ணங்களில் பலவற்றை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். கண்டதைத் தணிக்காமல், இடைநிறங்களைத் தவிர்த்து, பக்கத்தில் பக்கமாக வைத்து மோதவிட்டதுதான் அவருடைய கைவேலை. மலைச்சரிவின் நீலத்தையும் மரத்தின் சிவப்பையும் அருகருகே பார்ப்பவருக்கு இது விளங்கும். ‘உணர்வு’ என்பதையே முழுச் சுமையாக ஏற்றும் எந்தச் சொல்லும் இந்தக் கண்ணை மறைத்துவிடும்.

இன்னோர் உறுப்பினர் எழுதியது:

‘வெளிப்பாட்டுவாதம்’ என்பதுபோல் ‘-வாதம்’ வேண்டாம் என்பதில் நாம் அனைவரும் உடன்படுவோம் என்று நம்புகிறேன். வாதத்துக்கு ஒரு கொள்கை வேண்டும். 1905இல் டிரெஸ்டனில் கிர்க்னரும் கட்டடக்கலை மாணவர்களான அவருடைய நண்பர்கள் மூவரும் தொடங்கிய ‘பாலம்’ குழு, அடுத்த ஆண்டு மரச்செதுக்காக வெளியிட்ட அறிக்கை சில வரிகளே கொண்டது; படைக்கத் தூண்டுவதை நேராகவும் திரிக்காமலும் தருபவர் எவரும் நம்மவரே என்கிறது; ‘எக்ஸ்பிரஷனிசம்’ என்ற பெயர் அதில் இல்லை. 1911இல் பெர்லின் கண்காட்சியில் ‘எக்ஸ்பிரஷனிஸ்டுகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள் பிரான்சிலிருந்து வந்த படங்களின் ஓவியர்கள். பிறர் சூட்டிய பெயருக்கு நாம் ஏன் இவ்வளவு ஆழமான வேர் தேட வேண்டும்? மலை என்பதால் ‘குறிஞ்சி ஓவியம்’ என்று யாரேனும் முன்மொழிவதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். டாவோஸின் பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தமிழாசிரியர் தவிர மற்றவர்கள் ‘வெளிப்பாட்டிய’த்தை மறுக்கவில்லை; ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது என்பதே அதற்கு வலுவான காரணமாக எனக்குப் படுகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘எக்ஸ்பிரஷனிசம் என்னும் வெளிப்பாட்டியம்’ என்று எழுதுவேன். அடுத்த பகுதி 1937ஐப் பற்றியது: ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்க்னரின் 600க்கும் மேற்பட்ட படைப்புகளை நாஜி அரசு அகற்றியது, ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் மியூனிக்கில் நடத்திய கண்காட்சியில் அவருடைய படைப்புகளையும் இழிவுபடுத்தி வைத்தது. மறு ஆண்டு ஜூனில் டாவோஸ் அருகே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வரலாற்றைச் சொல்லும்போது மாணவர் தடுக்கி விழாத சொல்லே எனக்கு வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மையை மதிக்கிறேன், இசையவில்லை. ஓவிய ஆசிரியர் காட்டிய கடிதமே என் பக்கம் பேசுகிறது. அந்த விடியலில் கிர்க்னர் உள்ளிருந்து எதையும் பிழிந்து தள்ளவில்லை. மலையும் நிலாவும் அவர் மீது பட்டன, பட்டது ஓவியத்தின் உடலில் தெரிந்தது. ‘படு’ தன்வினையாக இருப்பது அப்போது குறையன்று, பொருத்தம். ‘வெளி’யில் அந்த உடல் இல்லை, ‘மெய்’யில் உண்டு. பாடத்தில் இடமில்லை என்றால், சொல்லடைவில் ‘வெளிப்பாட்டியம்’ என்பதற்கு எதிரே ‘மெய்ப்பாட்டியம் எனவும் கூறுவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.