வேலிக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள்? கூடார நாட்களின் அனுபவங்கள்

சாலிகிராமத்தான் (நியூயார்க்):

ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவில் இருந்து பழைய டியூஷன் வாத்தியார் வரை எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி: "கொலம்பியாலதானே படிச்சே, அந்தப் பாலஸ்தீனப் போராட்டத்துல நீயும் இருந்தியா?" இருந்தேன் என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். என் மாதிரி ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்றுதான் இந்த இழை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யார் சரி, யார் தப்பு என்று அடித்துக்கொள்ள வேறு இழைகள் இருக்கின்றன.

2024 ஏப்ரல் 17 விடியும் முன்பே பட்லர் நூலகத்துக்கு முன்னால் இருக்கும் கிழக்குப் புல்வெளியில் கூடாரங்கள் வந்துவிட்டன. தேதியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அன்று காலை பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, வளாகத்தில் யூத வெறுப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் போலீஸை உள்ளே அழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கையைக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். 1968 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அந்த வளாகத்தில் அவ்வளவு பெரிய கைது நடந்ததில்லை. இந்தப் பக்கம் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் மேற்குப் புல்வெளியின் வேலியைத் தாண்டிப் புதுக் கூட்டம் குதித்துவிட்டது. ஆள் குறைவதற்குப் போலீஸ் வந்தது, ஆள் கூடியதுதான் மிச்சம்.

நான் லோ நூலகப் படிக்கட்டில் நின்றேன். அங்கிருந்து இரண்டு புல்வெளியும் நன்றாகத் தெரியும். எஃப்-1 மாணவர் விசாக்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தோம், காபி கோப்பையோடு, ஏதோ வகுப்புக்கு நேரமாகவில்லை என்பதுபோல. கைதானால் இடைநீக்கம், இடைநீக்கமானால் படிப்பு போகும், படிப்பு போனால் விசா போகும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே இருந்தவர்களில் பலர் கையில் மார்க்கரால் வக்கீல் உதவி எண்ணை எழுதியிருந்தார்கள்.

டிவியில் காட்டியதற்கும் நேரில் பார்த்ததற்கும் தூரம் அதிகம். பகலில் பெரும்பாலான நேரம் அங்கே ஒன்றுமே நடக்காது. படித்தார்கள், லேப்டாப்பில் அசைன்மென்ட் அடித்தார்கள், தொழுகை நேரத்தில் மற்றவர்கள் போர்வையைப் பிடித்து மறைத்து நின்றார்கள். முகத்தைப் படம் எடுக்காதே, எதிர்த்தரப்போடு வாக்குவாதம் செய்யாதே என்று வாசலில் விதிப்பலகை. "டிஸ்க்ளோஸ், டைவெஸ்ட்" (முதலீடு எங்கே என்று காட்டு, இஸ்ரேலோடு தொடர்புள்ளதில் இருந்து விலகு) கோஷம் மட்டும் மணிக்கொரு தரம். பக்கத்தில் இஸ்ரேல் கொடிகளோடும் பிணைக்கைதிகளின் படங்களோடும் இன்னொரு கூட்டம். மேலே ஓயாமல் ஹெலிகாப்டர்.

என் புராஜெக்ட் குழுவில் இரண்டு யூதப் பெண்கள். 22ஆம் தேதி பாஸ்கா விருந்தைக் கூடாரங்களுக்கு நடுவே விரிப்பு போட்டு நடத்தியவர்களில் ஒருத்தி. மற்றவள் அதற்கு முந்தைய வார இறுதியிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலுக்கு வெளியே பிராட்வேயில் யூத மாணவர்களைப் பார்த்து "போலந்துக்கே திரும்பிப் போ" என்று கத்திய வீடியோ அப்போதுதான் வந்திருந்தது. கத்தியவர்கள் மாணவர்களா, வெளியாட்களா என்று நாங்கள் விவாதித்தோம். அவளுக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பரீட்சை முடியும்வரை இருவரும் ஒரே கூகுள் டாக்கில், ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்திக்கொண்டு இருந்தார்கள். நல்ல மதிப்பெண் வந்தது, அது வேறு விஷயம்.

கூடாரங்களைக் காலி செய்ய 29ஆம் தேதி மதியம் 2 மணி கெடு. அது முடிந்ததும் இடைநீக்கங்கள் தொடங்கின. அன்று நள்ளிரவு தாண்டி ஹாமில்டன் ஹால் என்ற வகுப்புக் கட்டடத்தைப் போராட்டக்காரர்கள் கைப்பற்றினார்கள். காஸாவில் கொல்லப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஹிந்த் ரஜப் பெயரை எழுதிய துணியை மேலிருந்து தொங்கவிட்டார்கள். அடுத்த இரவு எல்லோரும் இருந்த இடத்திலேயே இருங்கள் என்று செய்தி வந்தது. அறையில் உட்கார்ந்து டபிள்யூகேசிஆர் மாணவர் வானொலியைக் கேட்டேன். எப்போதும் ஜாஸ் ஓடும் நிலையம் அது. அன்றைக்குப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் நடுங்காத குரலில் போலீஸ் வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏணி வைத்த கவச வண்டியை நிறுத்தி, இரண்டாம் மாடி ஜன்னல் வழியே போலீஸ் உள்ளே போனது. ஏப்ரல் 30. 1968இல் அதே கட்டடத்தைக் காலி செய்ததும் ஏப்ரல் 30தான்.

ஆகஸ்டில் ஷஃபீக் ராஜினாமா செய்தார். நான் அதற்குள் வேலை தேடும் கவலையில் இருந்தேன்.

ஸ்கார்பரோப் பிள்ளை (டொரொன்டோ):

நான் உள்ளுக்கதான் நிண்டனான். சிட்டிசன் பிள்ளைக்கு அது லேசு எண்டு நீங்கள் சொல்லலாம், சொல்லுங்கோ.

எங்கட கதையில வேலிதான் பகிடி. அமெரிக்காவில நடக்கிறதைப் பாத்திட்டு, கிங்ஸ் காலேஜ் சர்க்கிள் புல்வெளியைச் சுத்தி டொரொன்டோ யூனிவர்சிட்டி முதலே வேலி அடிச்சு வைச்சது. மே 2 விடியப்புறம் பெடியள் அதுக்குள்ள போய்க் கூடாரம் அடிச்சிட்டினம். எங்களை வரவிடாமல் போட்ட வேலி எங்களுக்கே மதிலாப் போச்சு. ஒரே ஒரு வாசல், அதில செம்மஞ்சள் ஜாக்கெட்டோட ஆக்கள். நானும் அதில முறை மாத்தி நிண்டனான். இரவில ராக்கூன் வந்து பாண் பைக்கற்றை இழுத்துக்கொண்டு போகும். அதைத் துரத்துறதுதான் முக்கால்வாசி வேலை.

வீட்டில அம்மா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. அப்பா வேற மாதிரி. 2009 மே 10, அன்னையர் தினம், கார்டினர் ஹைவேயில எங்கட சனம் ஏறி இருந்து பாதையை மறிச்சது ஞாபகம் இருக்கும். முள்ளிவாய்க்காலில குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். நான் சின்னப் பிள்ளை, அப்பாவின்ர தோளில இருந்தனான். இந்த முறை அவர் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "ஆஸ்பத்திரிக்குப் போற பாதையை மறிச்சிருக்கிறியளோ?" இல்லை எண்டு சொன்னன். "அப்ப சரி. அண்டைக்கு எங்களைப் பற்றி முதல் சொன்ன குறை அதுதான்." அவ்வளவுதான், பேப்பரை எடுத்திட்டார்.

எங்கட கூடாரங்களுக்க வேற தமிழ்ப் பிள்ளையளும் இருந்தினம். ஆனா எல்லாத் தமிழரும் எங்கட பக்கம் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். என்ர சொந்த மாமா, "எங்களுக்காக ஆர் கூடாரம் அடிச்சவை?" எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனெண்டா அது கேள்வி இல்லை, கோவம்.

யூனிவர்சிட்டி கோட்டுக்குப் போச்சு. ஜூலை 2 நீதிபதி கோனன் தீர்ப்புச் சொன்னவர், அடுத்த நாள் பின்னேரம் 6 மணிக்குள்ள எழும்பச் சொல்லி. கூடாரத்துக்க இருந்தவை வன்முறை செய்தவை எண்டோ, யூதருக்கு எதிராக் கதைச்சவை எண்டோ அவர் சொல்லேல்லை. எல்லாருக்கும் பொதுவான நிலத்துக்குள்ள ஆரை விடுறது எண்டு ஒரு கூட்டம் மட்டும் தீர்மானிக்க ஏலாது, அதுதான் அவற்ற நியாயம். வாசலில நிண்டு ஆளைப் பாத்து விட்டது உண்மைதான். விடாமல் என்ன செய்யிறது? கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளையளின்ர முகத்தைப் பிடிச்சு வலையில போடுறவனை ஆர் மறிக்கிறது? 3ஆம் தேதி நாங்களே கழட்டிக்கொண்டு ஊர்வலமாப் போயிட்டம். பொலிஸ் கை வைக்கேல்லை. புல்லு முழுக்கச் செத்திருந்தது. அதுக்குப் பிறகு கன நாள் பேப்பரில அந்தப் புல்லைப் பற்றித்தான் கதை.

பூசணிக்கொடி (லாஸ் ஏஞ்சலஸ்):

வேலி என்கிறீர்கள். யுசிஎல்ஏவில் (கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) எங்கள் பக்கம் இருந்தது பிளைவுட் பலகையும் இரும்புத் தடுப்பும். ராய்ஸ் ஹாலுக்கும் பவல் நூலகத்துக்கும் நடுவே இருக்கும் முற்றம். ஏப்ரல் 30 இரவு 11 மணிவாக்கில் முகமூடி போட்ட இஸ்ரேல் ஆதரவுக் கும்பல் ஒன்று அந்தப் பலகைகளைப் பிய்க்க ஆரம்பித்தது. பட்டாசைக் கொளுத்திக் கூடாரங்களுக்குள் எறிந்தார்கள். கட்டை, கம்பி, மிளகு ஸ்பிரே. நான் ஆய்வகத் தோழி கூப்பிட்டாள் என்று கண் கழுவ சலைன் பாட்டில்கள் எடுத்துக்கொண்டு போனவன், வெளியே மாட்டிக்கொண்டேன். மணிக்கணக்கில் யாரும் தடுக்கவில்லை. போலீஸ் வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மாணவர் பத்திரிகை டெய்லி புரூயின் நிருபர்கள் நான்கு பேரையும் அந்தக் கும்பல் அடித்தது.

அதற்கு மறுநாள் இரவு, அதாவது மே 2 விடியற்காலை, போலீஸ் முழு வேகத்தில் வந்தது. அடித்தவர்களுக்காக அல்ல. அடி வாங்கியவர்களைக் கலைக்க. 200க்கும் மேற்பட்டோர் கைது.

இதன் தொடர்ச்சி பலருக்குத் தெரியாது. எங்கள் தொழிற்சங்கம் யுஏடபிள்யூ 4811, டீச்சிங் அசிஸ்டென்ட்களும் ஆய்வு மாணவர்களுமாக 48,000 பேர். இந்த விஷயத்துக்காகவே மே மாதம் சாந்தா குரூஸில் தொடங்கி ஒவ்வொரு வளாகமாக வேலைநிறுத்தம் செய்தது. சம்பளத்துக்காக அல்ல. நீதிமன்றம் ஜூன் 7 அன்று தடை போட்டது. அந்த நாட்களில் மதிப்பெண் போடாமல் இருந்ததுதான் விசாக்காரனான நான் செய்த ஒரே காரியம். சட்டப்படி சங்க வேலைநிறுத்தம் என்பதால் அது பயமில்லாமல் செய்ய முடிந்தது. வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் வழி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கன் (பாஸ்டன்):

எல்லாம் சரி. ஆனால் கோரிக்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் நிதித் துறை ஆள். கொலம்பியாவின் அறக்கட்டளை நிதி 2023இல் சுமார் 1,360 கோடி டாலராக இருந்தது. இது லாக்கரில் வைத்த பங்குப் பத்திரம் அல்ல, இந்தக் கம்பெனியை எடு, அந்தக் கம்பெனியை வை என்று சொல்வதற்கு. பெரும்பகுதி வெளி மேலாளர்களிடம், மற்ற முதலீட்டாளர் பணத்தோடு கலந்து கிடக்கும். எங்கே இருக்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது என ஒப்பந்தமே இருக்கும். பிரௌன் பல்கலைக்கழகத்தில் கூடாரத்தைப் பிரித்தால் முதலீட்டை விலக்குவது பற்றி ஓட்டெடுப்பு நடத்துவோம் என்று ஒத்துக்கொண்டார்கள், அக்டோபரில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எங்களுக்கு நேரடி முதலீடே இல்லை என்றார்கள். இதற்காகப் பிள்ளைகள் படிப்பைப் பணயம் வைத்தார்களே என்றுதான் எனக்கு வருத்தம். போராடுவது தப்பென்று சொல்லவில்லை.

லிஃபிக்கரை (டப்ளின்):

கணக்கன் சார், இங்கே ட்ரினிட்டி கல்லூரியில் ஐந்தே நாளில் முடிந்தது. மாணவர் சங்கத்துக்கு, முந்தைய மறியல்களால் வருமானம் போச்சு என்று 2,14,285 யூரோ பில் அனுப்பியிருந்தது கல்லூரி. மே 3 இரவு கூடாரம் போட்டவர்கள் நேராக 'புக் ஆஃப் கெல்ஸ்' என்ற பழைய பைபிள் சுவடி இருக்கும் நூலக வாசலில் பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். அந்தப் பழைய நூலகத்துக்கு டிக்கெட் வாங்கி வரும் சுற்றுலாக் கூட்டம்தான் கல்லூரியின் பால் மாடு. 8ஆம் தேதி உடன்பாடு: ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இயங்குவதாக ஐநா பட்டியலிட்ட இஸ்ரேலியக் கம்பெனிகளில் இருந்து விலகுகிறோம் என்று. 2025 ஜூனில் இன்னும் மேலே போய் இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களோடும் உறவை வெட்டினார்கள்.

ஊரே உங்கள் பக்கம் இருந்தால் இது சுலபம், அதையும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து அரசு அதே மே மாதம் பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தது. நான் பார்ட் டைம் வேலை பார்த்த கடையில் ஐரிஷ் பாட்டிமார் போராட்டத்துக்குப் போய்விட்டு வந்து பால் வாங்குவார்கள். வேலி என்ற பேச்சே இல்லை.

சாலிகிராமத்தான்:

கணக்கன் சொல்லும் நடைமுறைச் சிக்கல் உண்மை. ஆனால் கொலம்பியாவில் 1985இலும் இதைத்தான் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் அதே ஹாமில்டன் ஹால் கதவைச் சங்கிலி போட்டு மூடி, மூன்று வாரம் படியில் உட்கார்ந்தார்கள். அக்டோபரில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்த கம்பெனிகளின் பங்குகளை, சுமார் 3.9 கோடி டாலர், விற்பதாக அறங்காவலர்கள் முடிவு செய்தார்கள். அன்று பங்கு நேரடியாகக் கையில் இருந்தது, இன்று இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். "டிஸ்க்ளோஸ்" என்பதுதான் கோஷத்தில் முதல் சொல், கவனித்தீர்களா? எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டு என்றுதான் கேட்டார்கள்.

புதுவரவு (சேலம்):

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த வருஷம் அட்மிஷன் கிடைச்சிருக்கு. இன்ஸ்டாகிராமைப் பப்ளிக்காக மாத்தச் சொல்றாங்களாமே, உண்மையா? பழசா காஸா பத்தி ரெண்டு மூணு ஸ்டோரி போட்டிருக்கேன்.

பூசணிக்கொடி:

உண்மைதான் தம்பி. 2025 ஜூனில் இருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும். அந்த மார்ச்சில் கொலம்பியாவில் போராட்டக்காரர்கள் தரப்புப் பேச்சுவார்த்தையாளராக இருந்த மஹ்மூத் கலீலைப் பிடித்துப்போனபோது அவரிடம் கிரீன் கார்டே இருந்தது. ஜூன் 20 வரை லூசியானாவில் அடைத்து வைத்தார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி மாணவர் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதியதோடு சரி, அவரையும் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். பயமுறுத்தவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன். ஃபாரத்தில் கணக்குப் பெயர்களை மறைக்காதே, பொய் சொன்னதாகத் தெரிந்தால் அது தனிச் சிக்கல். அழிக்கலாமா வேண்டாமா என்று இங்கே கேட்காதே, குடியேற்ற வக்கீலிடம் கேள். பல இடங்களில் அரை மணி நேரம் இலவசமாகவே பேசுவார்கள்.

ஸ்கார்பரோப் பிள்ளை:

தம்பி, கனடாவுக்கும் அப்ளை பண்ணினனீரோ?

புதுவரவு:

பண்ணலக்கா. ஃபீஸ் கட்டியாச்சு.